வடம் கையில் இருக்கும்வரை

ஏப்ரல் 22

கோவில் குலுக்கலில் எனக்குக் குக்கர் விழும் என்று பார்த்தால் இந்த டைரி விழுந்தது. இத்தனை நாள் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்று திறக்கக் காரணம் ஒரு வரலாற்று நிகழ்ச்சி: இன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை.

அம்மாவின் கழுத்தில் இருந்த கட்டியை மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அம்மா கெட்டி, கட்டிதான் தோற்றது. ஆனால் குரல் நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதாம். மறுபடி வந்து காட்டும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோர்ட்டில் கேஸுக்குத்தான் வாய்தா கொடுப்பார்கள். இவர் வாய்க்கே வாய்தா கொடுத்துவிட்டார்.

என் அம்மா பிரகாசியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூடக் காதால் பார்த்திருப்பார்கள். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவது அவள்தான். அம்பா என்றால் வலை இழுக்கிற பாட்டு. ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொண்டு இழுப்பார்கள். அம்மா வரி எடுத்தால் வடக்கே உப்பளம், தெற்கே கல்லறைத் தோட்டம் இரண்டுக்கும் கேட்கும். அங்கே இருப்பவர்களும் எழுந்து வந்து வடம் பிடிக்காததுதான் பாக்கி.

மதுரையிலிருந்து திரும்பினால் வீட்டில் குடமெல்லாம் நிறைந்திருக்கிறது. கோழிகள் கூட்டில் அடைந்திருக்கின்றன. அடுப்பில் யாரோ வைத்த ரசம், இன்னும் சூடாக. யார் வைத்தது என்று தெரு முழுக்கக் கேட்டேன். ஆளாளுக்கு “நான் இல்லட்டி” என்கிறார்கள். பொய்க்கு நன்றி சொல்ல வேண்டிய ஊர் இது.

ஏப்ரல் 23

அம்மா சைகையில் உப்பு கேட்டாள். நான் விளக்குமாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி கையைக் காட்டினாள். தலையணை கொடுத்தேன். மூன்றாவதாகப் பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா பேசவில்லை. செருப்பு பேசியது. குறி தப்பவில்லை.

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினார். எங்கள் அப்பா தொம்மை அதிகம் பேசாத ஆள். அவர் பங்கையும் சேர்த்து அம்மா பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது தெரியாமல் இருந்தது. இப்போது வீட்டில் நான் ஒருத்திதான் ஒலிபரப்பு நிலையம்.

ஏப்ரல் 26

லீவு விட்டாச்சு என்றால் நானும் வலைக்குப் போவேன். இன்று அம்மா இல்லாமல் முதல் வலை.

கரைவலை என்றால், வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டு, அதன் இரண்டு வடங்களையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுப்பது. வடக்கு வடத்துக்குக் கஸ்பார் மாமா தலைவர். தெற்கு வடத்தில் அப்பா, நான், மற்றவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நல்ல தூரம். இழுக்க இழுக்க நெருங்கி வருவோம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வந்தால்தான் நடுவில் பை மாதிரி இருக்கிற மடி நேராக வரும், மீனும் மடிக்குள் வரும். அந்த வேகத்தைக் கொடுப்பது அம்பா. அம்மா பாடினால்தான் மீன்பாடு. இல்லாவிட்டால் எங்கள் பாடு பெரும்பாடு.

லம்பர்ட் அண்ணன், வலைச் சொந்தக்காரர் மகன், ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “போன வருசம் சித்தி பாடுனத போன்ல புடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு இதுதான் சித்தி” என்றான்.

கடற்கரை முழுக்க அம்மாவின் குரல். எல்லோரும் ஒரு நிமிடம் வடத்தைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள். அப்புறம் இழுத்தோம். வலை கனத்தபோது ஸ்பீக்கர் வேகமாகப் பாடியது. இலகுவானபோது இழுத்து இழுத்துப் பாடியது. அதற்குக் கடல் தெரியவில்லை. நடுவில் என் வரியும் வந்தது. அம்மா என்னைப் பாடாத அம்பா கிடையாது:

விடிஞ்சு போச்சு வெள்ளி போச்சு – ஏலேலோ
வீட்டுப் பாய்க்கு விடுதலை இல்ல – ஏலேலோ
படுத்த மவ எந்திரிக்க – ஏலேலோ
பட்டணத்துச் சங்கு ஊதணுமோ – ஐலசா

எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. வடம் கையில் இருக்கும்வரை அம்பாவில் யாரும் யாரையும் என்னவும் சொல்லலாம், கோபப்படக் கூடாது. திட்டு வாங்கியவர் அம்பாவிலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு அத்தனை பேருக்கும் அவர்தான் சுக்குக் காப்பி. வடத்தை விட்டதும் பேச்சையும் அங்கேயே விட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பழக்கதோஷத்தில் நானும் பதில் பாடினேன்:

பாய விட்டு எந்திரிச்சா – ஏலேலோ
பாதிக் கனவு பாழாப் போவும் – ஐலசா

ஸ்பீக்கர் என் பதிலைக் கேட்கவே இல்லை. என் வரி முடியும் முன்பே அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதற்கு வாய் இருக்கிறது, காது இல்லை.

மீன் கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். பூண்டுக்கும் கண் கரிக்கும்போல.

ஏப்ரல் 29

எடுத்த கட்டியை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்களே, முடிவு வந்துவிட்டது. கெட்டது எதுவும் இல்லை. அப்பா அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் ஏற்றிய மெழுகுவர்த்தியில் புனிதருக்கே வியர்த்திருக்கும். நன்றி அந்தோணியாரே. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று உம்மைச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் ஒரு பொருள் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மே 3

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

காலையில் கஸ்பார் மாமா கூப்பிட்டார். “ஏட்டி ஜெனோவா, பிரகாசி மவதான நீ? வாய் வீட்டு வாசல் வர நீளமா இருக்கே, அதக் கொஞ்சம் கரைக்கும் நீட்டு. நீ பாடு.”

“மாமா, நான் பாடுனா மீனெல்லாம் சிரிச்சே செத்துரும்.”

“செத்தாச் சரி. வலைக்குள்ள சாவச் சொல்லு.”

பாடினேன். நன்றாகத்தான் போனது. அப்பா முன்னால் நின்று இழுத்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். பெருமையாகத்தான் இருக்க வேண்டும். தூரத்தில் தண்ணீர் கறுத்துத் துள்ளியது. சாளை மீன்! இந்த வருஷம் அப்படி ஒரு கூட்டம் யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எடுத்துவிட்டேன்:

கஸ்பார் மாமா தலையப் பாரு – ஏலேலோ
கலங்கரை வெளக்கு தேவையில்ல – ஏலேலோ
தொப்பி கழட்டி நின்னாருன்னா – ஏலேலோ
தூரக் கப்பல் கரைக்கு வரும் – ஐலசா

தெற்கு வடம் முழுக்க வெடித்துச் சிரித்தது. அப்பாகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறவன் கையில் வடம் நிற்காது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வடக்கே அந்த வரி கேட்கவில்லை. அம்மாவின் குரல் போகிற தூரம் என் குரல் போகாது. அவர்கள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் பக்கம் தொய்ந்து, அடிக்கயிறு தரையை விட்டுக் கிளம்பியது. அவ்வளவுதான். கறுத்த தண்ணீர் அப்படியே நகர்ந்து எங்கள் பக்கம் வழியாக வெளியே போனது. நிதானமாக, கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிற கூட்டம் மாதிரி.

மடியில் வந்தது நண்டும் நாலு காரல் மீனும்.

கஸ்பார் மாமா வலையை உதறிக்கொண்டே, “வடத்த விட்டாச்சு. எல்லாரும் வீட்டப் பாத்துப் போங்க” என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கப்பல் ஒண்ணும் வரலியேட்டி” என்றார்.

அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் அந்த நேரம் பார்த்துக் குறைந்துபோயிற்று.

வீட்டுக்குள் போவதற்கு முன்பே அம்மாவுக்குச் சேதி போயிருந்தது. நான் அவள் முன்னால் போய் நின்றேன். செருப்பு எட்டுகிற தூரத்திலேயே நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். தட்டு எடுத்துச் சோறு போட்டாள். அந்த நாலு காரலில் பெரியதை எனக்கு வைத்தாள்.

திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மே 6

மதுரை. வாய்தா முடிந்தது. டாக்டர், “பேசுங்கம்மா, உங்க பேரச் சொல்லுங்க” என்றார். அம்மா வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

“மறுபடி.”

மறுபடியும் காற்று.

நரம்பு அறுபடவில்லையாம், அசந்து போயிருக்கிறதாம். “வந்துரும்னுதான் நெனைக்கிறேன். நாளாகலாம். உறுதியா என்னால சொல்ல முடியாது. இனிமே சும்மா இருக்க வேண்டாம், பேசிப் பேசிப் பாருங்க” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம், “எங்கம்மாவுக்கு அரை டிக்கெட் போடுங்கண்ணே, வாய் வரல” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரோடு மோசம், பஸ் ரொம்பக் குலுங்கியது.

மே 7

இன்று கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை. கோழிக்குத் தவிடு வைத்தேன்.

மே 10

கஸ்பார் மாமா ஒரு பனை ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டியோடு வந்தார். “பிரகாசிக்கு. தொண்டைக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நாளைக்கு வந்து பாடு.”

“நான் வரல மாமா. நான் பாடுனா மீனுக்கு வழியனுப்பு விழா.”

“அன்னைலேருந்து ஊமையாத்தான் இழுக்கோம். வடம் என்னமாக் கனக்குன்னு தெரியுமா? யாராவது திட்டுனாத்தாம்ட்டி கை ஓடுது. ஒரு வாரமா என்னய யாரும் ஒரு வார்த்த சொல்லல. எனக்கு ஒடம்புக்கு என்னமோ பண்ணுது.”

நான் வாசல் நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்து வந்தாள். கொடியில் கிடந்த அப்பாவின் சிவப்புத் துண்டை உருவினாள். மாமாவிடம் துண்டைக் காட்டினாள், அப்புறம் தன்னை, அப்புறம் என்னை. உப்புக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாதவளாக நடித்த எனக்கு இந்தச் சைகை மட்டும் புரிந்துவிட்டது.

மே 11

அம்மா இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், மேட்டு மணலில் நின்றாள். அங்கிருந்து வலையும் தெரியும், இரண்டு பக்கத்து ஆட்களும் தெரிவார்கள். துண்டை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். நான் துண்டைப் பார்த்துப் பாடினேன். வடக்கே என் குரல் போகாத இடத்துக்குத் துண்டு போனது.

பாதி வலையில் எனக்கு வாய் அரித்தது. கஸ்பார் மாமாவைப் பற்றி ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது. அம்மா தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். துண்டை முறுக்கி என்னை அடிப்பதுபோல் காட்டினாள். விழுங்கிவிட்டேன். வலையின் இரண்டு ஓரமும் கரை ஏறி, இனி மீன் எங்கும் போக முடியாது என்றானதும் அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்புறம் விட்டேன் பாருங்கள், மாமாவின் தலையில் தொடங்கி லம்பர்ட் அண்ணனின் மீசை முளைக்காத உதடுவரை.

நல்ல நெத்திலி. ஆளுக்கொரு பங்கு. அம்மாவுக்கும் முழுப் பங்கு வைத்தார்கள். “துண்டு ஆட்டுனதுக்கா?” என்று யாரோ சும்மா கேட்டதற்கு, “நீ ஆட்டிப் பாரு, ஈ கூட வராது” என்றார் மாமா.

மே 18

இந்த வாரம் முழுக்க நான் அம்பாவில் அம்மாவைத்தான் பாடுகிறேன். பெயர் சொல்லியே. வடம் கையில் இருக்கிறதே, யார் கேட்பது?

ஊரத் திட்டுன பிரகாசி – ஏலேலோ
உப்புல போட்டியா ஒன் வாய – ஏலேலோ
காக்கா வந்து கேக்குது – ஏலேலோ
காணமேன்னு ஒன் சத்தம் – ஐலசா

பாடிவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டு நிற்பேன். சட்டம் அது. அம்மா துண்டோடு நிற்பாள். பதில் வராது. அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சுக்குக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவருவாள். தினமும் அவள்தான் தோற்கிறாள். கஸ்பார் மாமா கொடுத்த கருப்பட்டி அவர் வயிற்றுக்கே திரும்பிப் போகிறது.

அவருக்கு இன்று பொறுக்கவில்லை. “ஏட்டி, வடம் பிடிக்காதவள அம்பாவுல இழுக்கக் கூடாது. அதுவும் பேச முடியாதவளப் போயி.”

“துண்டும் ஒரு குட்டி வடந்தான் மாமா” என்று தீர்ப்புச் சொன்னேன்.

வரும் வழியில் அப்பா கேட்டார். அவர் கேள்வி கேட்பதே அதிசயம். “எதுக்குட்டி அவளயே சீண்டுத?”

“காப்பிக்குத்தாம்ப்பா.”

அப்பா என்னையே பார்த்தார். “கருப்பட்டி தீந்துட்டு. வாங்கிட்டு வாரேன்” என்று கடைப் பக்கம் திரும்பினார்.

மே 24

அம்மா இன்று கரைக்கு வரவில்லை. துண்டை அப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். அப்பா அதை நிற்காத பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி ஆட்டினார். எப்படியோ இழுத்தோம்.

அதிகமாகப் போய்விட்டேனோ? நான் சும்மா கேட்கிறேன். டைரியும் பதில் சொல்லாது.

வலை முடிந்து வந்தபோது கொல்லையிலிருந்து தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கரகரவென்று, விட்டு விட்டு. திரும்பி வாசலுக்குப் போய், ஊர் கேட்க இருமிக்கொண்டு மறுபடி வந்தேன். அம்மா கோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கோழிகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

மத்தியானக் குழம்பில் தேங்காய் இல்லை. நான் கேட்கவில்லை.

மே 25

தேங்காய்ச் சத்தம் இன்றும்.

மே 28

இன்றும். அம்மா கரைக்கு வந்தாள், துண்டு ஆட்டினாள், தோற்றாள், காப்பி கொடுத்தாள். காப்பி கொடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடனைத் திருப்பித் தருகிறேன் இரு என்கிற பார்வை. பயமாகவும் இருந்தது, பிரமாதமாகவும் இருந்தது.

ஜூன் 1

எழுத்து கோணலாக வருகிறது. வடம் இழுத்ததால்.

காலையில் நல்ல காற்று. வலை பாதி வந்திருக்கும். அம்மா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். துண்டை அப்பாவின் தோளில் போட்டு மேட்டைக் காட்டினாள். அப்பா “கழுத்து… கழுத்து…” என்றார். அம்மா அவர் முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அவர் நின்ற இடத்தில், எனக்கு முன்னால், வடத்தைப் பிடித்தாள்.

தெற்கு வடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் எப்போதும்போல எடுத்தேன். ஊரத் திட்டுன பிரகாசி. உப்புல போட்டியா. காக்கா வந்து கேக்குது. ஐலசா. இடம் விட்டேன். அலை ஒன்று வந்து போனது.

அப்போது எனக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்க்கிற மாதிரி. நடுவில் உடைந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. அவ்வளவு சின்னக் குரல், அடுத்த ஆள் வரைக்கும்தான் எட்டியது. ஆனால் வரி வரியாக வந்தது:

வலைக்கு வந்த சாளைக்கு – ஏலேலோ
வழியனுப்பு வச்சவளே – ஏலேலோ
மாமன் தலைய வெளக்குங்கியே – ஏலேலோ
மண்டைக்குள்ள ஒனக்கு இருட்டாட்டி – ஐலசா

ஏலேலோ சொல்ல வேண்டிய தெற்கு வடம் பாதிதான் சொன்னது. மீதி மூக்கை உறிஞ்சியது. ஆனால் ஒருத்தர் கையிலிருந்தும் வடம் நழுவவில்லை. சாளை கற்றுக்கொடுத்த பாடம்.

வடக்கேயிருந்து கஸ்பார் மாமா கத்தினார்: “ஏட்டி, அங்க என்ன? ஏன் நிக்கிய? யாரு என்ன சொன்னா?”

அம்மாவின் குரல் அங்கே போகவில்லை. யாராவது கொண்டுபோக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நான் நெஞ்சு முட்டக் காற்றை இழுத்து, என்னைத் திட்டிய வரிகளை நானே, உப்பளம்வரைக்கும் கேட்கிற மாதிரி எடுத்தேன். வலைக்கு வந்த சாளைக்கு. வழியனுப்பு வச்சவளே. மண்டைக்குள்ள எனக்கு இருட்டு என்று ஊருக்கே சொன்னேன்.

வரி வடக்கு வடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் மாமாவின் குரல், அழுகையும் அதட்டலுமாக: “லேய், பிரகாசி பதில் சொல்லிட்டா! வடத்த விட்டீங்கன்னா தொலைச்சிருவேன், இழுங்க!” அங்கேயிருந்து வந்த ‘ஏலேலோ’ போல என் ஆயுசுக்கும் கேட்டதில்லை. மேட்டில் அப்பா துண்டை ஆட்டவில்லை. முகத்தில் வைத்திருந்தார். பரவாயில்லை, இன்றைக்கு இரண்டு பக்கமும் தானாகவே ஒரே வேகத்தில் வந்தது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டப்படி நான் இப்போது பதில் சொல்ல வேண்டும். அவளும் இடம் விட்டுக் காத்திருந்தாள். ஒரு அலை, இன்னொரு அலை. எத்தனையோ வரிகள் தயாராக வைத்திருந்தேன். அம்மாவின் குரலைச் சிரட்டை என்றும், தவளை என்றும், பழைய வள்ளத்தின் எஞ்சின் என்றும் சொல்ல இருந்தேன். வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

“தோத்துட்டா! ஜெனோவா தோத்துட்டா!” என்று லம்பர்ட் அண்ணன் ஸ்பீக்கர் இல்லாமலே அலறினான்.

சட்டம் சட்டம்தான். வலை கரை ஏறியதும் அத்தனை பேருக்கும் நான்தான் சுக்குக் காப்பி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வடம் இப்போது யார் கையிலும் இல்லை. அந்தச் சட்டமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

“இதுக்கு… பேரு… காப்பியாட்டி?” என்றாள்.

டம்ளரை வாங்கி இன்னொரு தடவை ஊற்றிக் கொடுத்தேன். மறுபடியும் திட்டட்டும் என்று.